ஊர்க்குளத்தின் உணவு வலையைப் பார்த்து வரைவது எப்படி? கன்னியாகுமரி மாவட்டக் குளங்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஒரு குளத்தைக் காட்டி "இதில் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன?" என்று கேட்டால் அரை மணி நேரத்தில் முப்பது பெயர் எழுதிவிடலாம். "எது எதை நம்பி இருக்கிறது?" என்று கேட்டால்தான் பேனா நிற்கும். இந்த வழிகாட்டி இரண்டாவது கேள்விக்கானது. பள்ளிச் சுற்றுச்சூழல் மன்ற மாணவர்களுக்கும், கல்லூரியில் ப்ராஜெக்ட் செய்பவர்களுக்கும், குளத்தைத் தூர்வாரச் சொல்லி மனு எழுதும் முன் குளத்தைத் தெரிந்துகொள்ள நினைப்பவர்களுக்கும் வேலை ஒன்றுதான். ஒரு குளம், விடியலிலிருந்து இரவு எட்டரை வரை ஒரு முழு நாள், பிறகு படம் வரைய ஒரு சாயங்காலம்.

நாள் முழுவதற்கும் ஒரு விதி உண்டு. கலக்காத வேலை முதலில், கலக்கும் வேலை கடைசியில். பறவை, தண்ணீர், மிதவை உயிர், பாசி, சேறு என்று மேலிருந்து கீழே இறங்க வேண்டும். புதிதாக வருபவர்கள் ஆர்வத்தில் முதலில் வலையோடு தண்ணீரில் இறங்குவார்கள். பறவை பறந்துவிடும், தண்ணீர் கலங்கிவிடும், அன்றைய அளவுகள் எதுவும் தேறாது.

## 1. குளத்தையும் மாதத்தையும் தேர்ந்தெடுப்பது

முதல் முயற்சிக்குச் சின்னக் குளம் போதும். கரையைச் சுற்றி நடக்க இருபது நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது. சுசீந்திரம், தேரூர், வேம்பனூர் நீர்நிலைகள் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்தவை. அங்கே கரையில் நின்று பறவை பார்த்துப் பழகலாம், வலை போடும் பயிற்சிக்கு அவை இடமில்லை.

தேர்ந்தெடுக்கும் குளத்தில் மூன்று அம்சங்கள் இருக்கட்டும்: சாய்வான மண்கரை ஒரு பக்கமாவது இருக்க வேண்டும், நீருக்குள் வேரூன்றிய செடி இருக்க வேண்டும், சானலிலிருந்து தண்ணீர் வரும் வழி திறந்திருக்க வேண்டும். நாலு பக்கமும் கல்கட்டு எழுப்பிய குளத்தில் பார்ப்பதற்குக் குறைவாகவே இருக்கும். ஒப்பிடுவதற்காக இரண்டாவது குளமாக அதை வைத்துக்கொள்ளலாம்.

மாதம் முக்கியம். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. ஜூன் தொடக்கத்தில் அணை திறந்தால் சானல் வழியாகக் குளத்துக்குப் புதுத்தண்ணீரும் மீன்குஞ்சும் வரும். அடைமழைக்கு மறுநாள் போனால் செம்மண் கலங்கலைத் தவிர எதுவும் தெரியாது. மழை விட்டு ஒரு வாரமாவது ஆகட்டும். முதல் முறை பார்க்க ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் வசதி. தண்ணீர் தெளிந்திருக்கும், வலசை வந்த பறவைகளும் இருக்கும்.

அனுமதி வாங்காமல் இறங்க வேண்டாம். குளம் ஊராட்சியுடையதா நீர்வளத் துறையுடையதா என்று கேளுங்கள். மீன் குத்தகையும் தாமரைக் குத்தகையும் வெவ்வேறு ஆட்களிடம் இருக்கலாம். குத்தகைக்காரருக்குத் தெரியாமல் வலையோடு நின்றால் மீன் திருட வந்தவராகத்தான் தெரிவீர்கள்.

## 2. கையில் இருக்க வேண்டியவை

பைனாகுலர் (8×40 போதும்), ஓரடி விட்டமுள்ள வெள்ளைத் தட்டு இரண்டு, நீளக் கம்பில் கட்டிய சமையலறை வடிகட்டி, 10 லிட்டர் வாளி, கைலென்ஸ், பி.எச். தாள், மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் ஆக்சிஜன் சோதனைப் பெட்டி, தண்ணீரில் வைக்கும் தெர்மாமீட்டர், பென்சில், கட்டம் போட்ட நோட்டு. பேனா வேண்டாம், நனைந்தால் மை ஓடிவிடும். மடக்கும் காகித நுண்ணோக்கியான ஃபோல்ட்ஸ்கோப் கிடைத்தால் நல்லது.

தெளிவுத்தட்டை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். 20 செ.மீ. விட்டமுள்ள வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டை நாலு காலாகப் பிரித்து, எதிரெதிர்க் கால் இரண்டுக்குக் கறுப்புப் பெயின்ட் அடியுங்கள். நடுவில் துளையிட்டுக் கயிறு கோத்து, அடியில் கல் கட்டி, கயிற்றில் 10 செ.மீ.க்கு ஒரு முடிச்சுப் போடுங்கள். தட்டு சாய்ந்து இறங்கினால் அளவு தப்பும். அதனால் கல் சரியாக நடுவில் தொங்க வேண்டும்.

பாதுகாப்பில் இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். காலிலோ கையிலோ காயம் இருப்பவர் தண்ணீரில் இறங்கக் கூடாது, மழைக்காலக் குளத்தில் எலிக்காய்ச்சல் தொற்றும் முக்கிய வழி அது. தாமரை நிற்கும் இடத்தில் சேறு தொடைவரை இழுக்கும். அதனால் முழங்கால் ஆழத்தைத் தாண்டாமல், கரையில் ஒருவரைக் கயிற்றோடு நிறுத்திவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

## 3. வரைபடமும் ஐந்து நிற்குமிடங்களும்

முந்தின நாளே கரையைச் சுற்றி நடந்து ஒரு கைப்படம் போடுங்கள். மடை, மறுகால், தண்ணீர் வரும் வாய்க்கால், படித்துறை, மாடு இறங்கும் இடம், துணி துவைக்கும் கல், கரைமரங்கள், பக்கத்து வயல் அல்லது வாழைத்தோட்டம் எல்லாம் அதில் வர வேண்டும். சாக்கடை வந்து சேரும் இடம் இருந்தால் அதையும் மறைக்காமல் குறியுங்கள். குளம் கரையோடு முடிந்துவிடுவதில்லை. வயலில் போட்ட யூரியாவும் துவைகல்லின் சோப்பும் அதன் உணவுக் கணக்கில் சேர்ந்தவைதான்.

பிறகு ஐந்து இடங்களைத் தேர்ந்து எண் கொடுங்கள்: 1. வரத்து வாய்க்கால், 2. மடை, 3. தாமரை விளிம்பு, 4. சாய்வான மண்கரை, 5. மாடு இறங்கும் இடம் அல்லது படித்துறை. நாள் முழுவதும் இந்த ஐந்தில் மட்டும் பார்க்கிறோம். எங்கே உயிர் அதிகமோ அங்கேயே போய் நிற்பது எல்லோருக்கும் வரும் ஆசை. அப்படிச் செய்தால் குளம் முழுக்க அப்படித்தான் என்ற பொய்க்கணக்கு வந்துவிடும்.

## 4. விடியல்: பறவையும் ஆக்சிஜனும்

காலை 5.45-க்குக் கரையில் இருங்கள். இருவர் வேண்டும். ஒருவர் ஆக்சிஜன் பார்க்கிறார், மற்றவர் பறவை.

ஆக்சிஜனைச் சூரியன் எழுமுன் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. இரவெல்லாம் பாசியும் மீனும் பாக்டீரியாவும் மூச்சுவிட்டு ஆக்சிஜனைச் செலவழிக்கின்றன, வெளிச்சம் இல்லாததால் புதிதாக எதுவும் உண்டாவதில்லை. ஆகவே நாளின் மிகக் குறைந்த அளவு அந்த நேரத்தில்தான் கிடைக்கும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அதையும் எழுதுங்கள். பகல் இரண்டு மணிக்கு அதே இடத்தில் மறுபடி அளக்க வேண்டும்.

30 டிகிரி வெப்பமுள்ள நன்னீரில் இயல்பாகக் கரைந்து நிற்கக்கூடியது லிட்டருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம். பகலில் அதைத் தாண்டிப் போய், விடியலில் 3-க்குக் கீழே விழுந்தால், குளத்தில் பாசி அளவுக்கு மீறிப் பெருகியிருக்கிறது. பகலில் மட்டும் அளந்துவிட்டு "ஆக்சிஜன் அருமை" என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் தவறு. மீன் சாவது விடியற்காலையில்.

பறவைக்கு ஒவ்வோர் இடத்திலும் பத்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, என்ன செய்தது என்பதை எழுதுங்கள். குறிப்பு இப்படி இருக்க வேண்டும்:

"6.20, இடம் 4, மடையான், விளிம்பில் நின்றபடி, தவளை ஒன்று, விழுங்கியது."

"6.35, இடம் 3, நீலத் தாழைக்கோழி, சம்புக் குருத்தைக் காலால் பிடித்துத் தின்றது."

"மடையான் 6, நாமக்கோழி 40" என்று எண்ணிக்கை மட்டும் எழுதினால் அது கணக்கெடுப்பு. படத்தில் ஓர் அம்புகூடப் போட அது உதவாது.

நீர்க்காகமும் பாம்புத்தாராவும் இரண்டும் முங்கி மீன் பிடிப்பவை என்று ஒரே கட்டத்தில் போட்டுவிடாதீர்கள். நீர்க்காகம் கூட்டமாக விரட்டி அலகால் கவ்வும், பாம்புத்தாரா தனியாகக் காத்திருந்து அலகால் குத்தும். மீனின் அளவும் பிடிக்கும் இடமும் வேறாக இருக்கும். முக்குளிப்பான் சிறு மீனோடு நீர்ப்பூச்சியையும் தின்னும். குளிர்காலத்தில் வரும் மீசை ஆலா தண்ணீருக்கு மேல் தாழப் பறந்து மேற்பரப்பில் கிடைப்பதைக் கொத்தும்.

நத்தைகுத்தி நாரை நின்ற இடத்தைக் குறித்து வையுங்கள். அது போன பிறகு அங்கே காலியான நத்தை ஓடுகள் கிடக்கும். நேரில் பார்த்ததற்கு அடுத்தபடியான சான்று அது.

## 5. தண்ணீர்

காலை பத்து முதல் பகல் இரண்டுக்குள், மடைமேடையின் நிழல் பக்கத்திலிருந்து தெளிவுத்தட்டை இறக்குங்கள். மறையும் ஆழத்தைக் குறியுங்கள், மேலே இழுக்கையில் மறுபடி தெரியும் ஆழத்தையும் குறியுங்கள். இரண்டின் சராசரிதான் தெளிவு. வெயில் பக்கம் இறக்கினால் பளபளப்பில் கண் ஏமாறும்.

எண்ணோடு நிறத்தையும் எழுத வேண்டும். 30 செ.மீ. தெளிவில் தண்ணீர் பச்சையாக இருந்தால் மிதக்கும் பாசி நிறைய இருக்கிறது, உணவு உற்பத்தி நடக்கிறது. அதே 30 செ.மீ. செம்மண் நிறத்தில் இருந்தால் வண்டல்தான் வெளிச்சத்தை மறைக்கிறது, உற்பத்தி குறைவு. எண் ஒன்று, கதை நேரெதிர். வெப்பமும் பி.எச்.சும் காலையும் பகலும் ஒருமுறை போதும். பாசி வேலை செய்யும்போது தண்ணீரிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிக்கொள்வதால் பகலில் பி.எச். ஏறும். தாள் பழுது என்று தூக்கி எறியாதீர்கள்.

## 6. மிதவை உயிர்கள்

மெல்லிய வாயில் துணியை ஒற்றையாக விரித்து, 20 லிட்டர் தண்ணீரை மெதுவாக வடியுங்கள். துணியில் தங்கியதை 50 மி.லி. தண்ணீரில் அலசி எடுங்கள். 400 மடங்கு அடர்ந்த மாதிரி கிடைத்துவிட்டது. கண்ணாடித் தம்ளரில் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்தாலே துள்ளித் துள்ளி நீந்தும் நீர்த்தெள்ளுகள் தெரியும். துணியின் கண் வழியாகத் தாவர மிதவையில் பெரும்பகுதி ஓடிவிடும் என்பதால், அதற்கு வடிக்காத தண்ணீரில் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் பாருங்கள்.

இங்கே பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. பாடத்தில் படித்த உணவுப் பிரமிடில் அடியில் தாவரம் மிகுதியாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் இருக்கும். ஆனால் குளத்து மாதிரியில் விலங்கு மிதவை தாவர மிதவையைவிட எடை கூடுதலாகத் தெரியலாம். அது உங்கள் தவறாக இருக்க வேண்டும் என்பதில்லை. நுண்பாசி ஓரிரு நாளில் இரட்டிக்கும், உண்டானதும் தின்னப்படும். இருப்பு குறைவு, வரவு அதிகம். சந்தைக்கடையில் மாலையில் பூக்கூடை காலியாக இருப்பதைப் பார்த்து வியாபாரம் இல்லை என்று சொல்ல முடியுமா?

## 7. பாசி, தாமரைத்தண்டு, விளிம்பு

அன்றைய நாளில் அதிக நேரம் கொடுக்க வேண்டிய இடம் இது. குளத்து வலையின் பெரும்பாலான முடிச்சுகள் இங்கேதான் விழுகின்றன.

ஒவ்வோர் இடத்திலும் வடிகட்டியை ஒரு மீட்டர் தூரம், பத்து முறை, செடிகளுக்குள் இழுங்கள். எல்லா இடத்திலும் அதே பத்து. பிறகு வேலம்பாசியை ஒரு கைப்பிடி பிடுங்கி வாளித் தண்ணீரில் நன்றாக உதறுங்கள். வலையில் வராதவை அதில் வரும்: சின்ன நத்தை, கூனி, ஊசித்தும்பியின் இளம்பூச்சி, பாசியில் ஒட்டிய முட்டைத்திரள்.

வெள்ளைத் தட்டில் அரை அங்குலம் தண்ணீர் விட்டுக் கொட்டி, இரண்டு நிமிடம் சும்மா இருங்கள். அசைவது எது, குப்பை எது என்று தானாகப் பிரியும். தும்பியின் இளம்பூச்சி, நீர்த்தேள், நீர் மூட்டைப்பூச்சி மூன்றையும் உடனே வேறு தட்டுக்கு மாற்றுங்கள். மாற்றாவிட்டால் எண்ணி முடிப்பதற்குள் கொசுப்புழுவும் தலைப்பிரட்டையும் காணாமல் போகும். நீர் மூட்டையையும் முதுகுபுறமாக நீந்தும் பூச்சியையும் கையால் எடுக்காதீர்கள், குத்தினால் தேள் கொட்டியது போல வலிக்கும்.

தட்டில் ஒன்றையொன்று தின்பதைப் பார்த்தால் எழுதுங்கள், ஆனால் "தட்டில் கண்டது" என்று தனியாக. ஓடி ஒளிய இடமில்லாத தட்டில் நடப்பது பாசிக்காட்டுக்குள் நடக்கும் என்று உறுதியில்லை.

அடையாளத்தில் நேரும் பிழைகள்:

நீர் மூட்டைப்பூச்சி ஒன்றின் முதுகில் அரிசி ஒட்டியது போல முட்டைகள் இருக்கும். ஒட்டுண்ணி என்று நினைத்துச் சுரண்டுவார்கள். ஆண் பூச்சி சுமக்கும் அதன் சொந்த முட்டைகள் அவை.

கொசுப்புழுவையும் செம்புழுவையும் மாற்றி எழுதுவார்கள். தலைகீழாகத் தொங்குவது அல்லது நீர்மட்டத்துக்கு இணையாகப் படுத்திருப்பது கொசுப்புழு. சிவப்பாக, சேற்றோடு நெளிவது செம்புழு, அது கடிக்காத சிற்றீயின் குஞ்சு.

செம்மஞ்சள் நிறத்தில் திரளாக மேலே வந்து வந்து போகும் குஞ்சுக்கூட்டத்தைத் தலைப்பிரட்டை என்பார்கள். கீழே கவனியுங்கள், பெற்ற விரால் காவல் நிற்கும். அந்தக் கூட்டத்தில் வலை போடாதீர்கள்.

தாமரைத்தண்டிலும் கோரையிலும் ஒட்டிக்கிடக்கும் காய்ந்த தோல்களையும் எண்ணுங்கள். நீருக்குள் வளர்ந்த தும்பி மேலேறித் தோலுரித்துப் பறந்துபோன அடையாளம். நிமிர்ந்த தண்டு இல்லாத விளிம்பில் அந்தத் தோல்கள் எவ்வளவு குறைகின்றன என்று பாருங்கள். உணவுக்கு அப்பாற்பட்ட ஒரு சார்பு கையில் கிடைத்துவிடும். எண்ணி முடித்ததும் எல்லா உயிரையும் எடுத்த இடத்திலேயே விடுங்கள். ஒரு குளத்து மீனையோ பாசியையோ வேறு குளத்தில் விடவே கூடாது.

ஆமை வலையில் வந்தால் படம்கூட எடுத்துக்கொண்டிராமல் உடனே விட்டுவிடுங்கள். 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் நம் குளத்து ஆமைக்கும் பொருந்தும்.

## 8. சேறு

கடைசியாகச் சேறு. மேல்சேற்றில் இரண்டு கை அள்ளி வடிகட்டியில் அலசினால் செம்புழு, மண்புழு போன்ற மெல்லிய புழுக்கள், சிப்பி கிடைக்கும். செம்புழுவின் சிவப்பு நம் ரத்தத்தில் உள்ள அதே வகை நிறப்பொருளால் வருவது, ஆக்சிஜன் குறைந்த சேற்றில் அது பிழைக்க உதவுகிறது. செம்புழு மட்டும் ஏராளமாகவும் மற்றவை இல்லாமலும் இருந்தால் அடித்தளம் மூச்சுத்திணறுகிறது என்று பொருள்.

சேறு மை போலக் கறுத்து அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அங்கே ஆக்சிஜன் அறவே இல்லை. தென்னந்தொண்டு (தேங்காய் மட்டை) ஊறப்போட்ட குளங்களிலும் சாக்கடை சேரும் மூலையிலும் இது தெரியும். ஐந்து இடத்தில் எத்தனையில் நாற்றம் என்று குறித்தால் போதும்.

## 9. கரையில் இருப்பவர்களிடம் கேட்பது

ஒரு நாளில் நீங்கள் பார்ப்பது கொஞ்சம்தான். தாமரை பறிப்பவர், மீன் குத்தகைக்காரர், மாடு குளிப்பாட்டுபவர், பக்கத்து வயல்காரர் வருடம் முழுக்கப் பார்க்கிறவர்கள். பதிலை நீங்களே ஊட்டிவிடாத மாதிரி கேட்க வேண்டும். "அண்ணாச்சி, பறவை குறைஞ்சு போச்சுல்லா?" என்று கேட்டால் "ஆமா மக்கா, குறைஞ்சுட்டு" என்ற பதில்தான் வரும். "அண்ணாச்சி, இப்ப எந்தப் பறவ எந்த மாசம் வருது?" என்று கேட்டால் விஷயம் வரும்.

கன்னிப்பூ, கும்பப்பூ என்று சாகுபடியை வைத்தே கேளுங்கள். ஆங்கில மாதத்தைவிட அந்தக் கணக்கில் நினைவு துல்லியமாக நிற்கும். எந்த மீனை எப்போது விட்டார்கள், சானல் எப்போது அடைபடும், ஆகாயத்தாமரையை யார் வாரினார்கள், மருந்து தெளித்த பிறகு வயல்தண்ணீர் எங்கே வடிகிறது ஆகிய நாலையும் தவறவிடாதீர்கள்.

## 10. இருட்டிய பிறகு

மாலை ஏழரை முதல் எட்டரை வரை இடம் 3, 4 இரண்டில் மட்டும். டார்ச்சைத் தண்ணீரின் மேல் சாய்த்துப் பிடித்தால் பகலில் அடியில் ஒளிந்திருந்த விலங்கு மிதவையும் கூனியும் மேலே வந்திருப்பது தெரியும். தவளைச் சத்தத்தைக் கைபேசியில் பதியுங்கள். தண்ணீர்ப்பாம்பு விளிம்பில் வேட்டையாடும் நேரம். அதற்கு விஷமில்லை, கடிக்கும். கரைப்பொந்தில் கை விடாதீர்கள், அங்கே விஷமுள்ளதும் இருக்கலாம்.

## 11. அம்பு போடுவது

பெரிய சார்ட் தாள், பென்சில், மூன்று நிறப் பேனா. இருபத்தைந்து கட்டத்துக்கு மேல் வேண்டாம், மிஞ்சினால் படம் நூல்கண்டாகச் சிக்கும்.

அம்பின் திசை. உணவு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் முனை. தலைப்பிரட்டையிலிருந்து மடையானுக்கு. "மடையான் தலைப்பிரட்டையைத் தின்கிறது" என்று மனத்தில் சொல்லிக்கொண்டே வரைபவர்கள் முனையைத் திருப்பிப் போட்டுவிடுவார்கள். எழுவாயைப் பார்க்காமல் சோறு போகும் வழியைப் பாருங்கள்.

கோட்டின் வகை. நேரில் பார்த்தது முழுக்கோடு. தடயத்தாலோ கரைக்காரர் சொல்லாலோ தெரிந்தது விட்டுவிட்டுப் போடும் கோடு. பொதுவாகத் தெரிந்தது, இங்கே பார்க்காதது, புள்ளிக்கோடு. முதல் படத்தில் முழுக்கோடு பத்துப் பன்னிரண்டுதான் தேறும். புள்ளிக்கோட்டை முழுக்கோடாக்கும் கையரிப்பை அடக்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை எதைத் தேட வேண்டும் என்று சொல்வது அந்தப் புள்ளிகள்தாம்.

வயதுக்கு ஒரு கட்டம். இதைத் தவறவிட்ட படங்களே அதிகம். "தவளை" என்று ஒரே கட்டம் போட்டால் பொய்யாகிவிடும். தலைப்பிரட்டை பாசியைச் சுரண்டித் தின்னும், வளர்ந்த தவளை பூச்சி தின்னும். தும்பி நீருக்குள் கொசுப்புழு பிடிக்கும், வெளியே வந்ததும் பறக்கும் கொசுவைப் பிடிக்கும். விரால் குஞ்சாக இருக்கையில் விலங்கு மிதவை, பிறகு பூச்சி, பிறகு மீன். ஆக விராலுக்கு மூன்று கட்டம், தவளைக்கும் தும்பிக்கும் இரண்டிரண்டு.

மட்கு. தாளின் அடியில் நீளமாக ஒரு கட்டம் போட்டு "மட்கு, பாக்டீரியா, பூஞ்சை" என்று எழுதுங்கள். எல்லாக் கட்டத்திலிருந்தும் அதற்கு ஓர் அம்பு. அதிலிருந்து செம்புழு, கூனி, நத்தை, சிலேபி ஆகியவற்றுக்கு அம்புகள் மேலே ஏறும். அழுகும் தாமரை இலை வழியாகப் போகும் இந்த ஓட்டம் பச்சைப் பாசி வழியாகப் போவதற்குச் சளைத்ததல்ல. மட்கு இல்லாத படத்தை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

உணவல்லாத சார்பு. உணவுக்குக் கறுப்பு, இருப்பிடத்துக்குப் பச்சை, சுமந்து செல்வதற்கு நீலம். தாமரை இலைமேல் கூடு வைக்கும் நீளவால் இலைக்கோழிக்குப் பச்சை. சிப்பியின் நுண்குஞ்சு மீனின் செவுளில் ஒட்டிக்கொண்டு சில நாள் வாழ்ந்துதான் கீழே விழுகிறது. மீனிலிருந்து சிப்பிக்கு நீலம். வயலில் மேய்ந்து குளத்து மரத்தில் அடையும் உண்ணிக்கொக்கு எச்சத்தின் வழியாக வயலின் சத்தைக் குளத்துக்குக் கொண்டுவருகிறது, அதுவும் நீலம். இந்த நிறங்கள் விழுந்த பிறகுதான் படம் உயிர்பெறும் என்பது எங்கள் அபிப்பிராயம். உணவுக்கோடு மட்டும் இருந்தால் அது சாப்பாட்டுப் பட்டியல்.

ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு ஆற்றலே போகிறது என்பது பொதுக்கணக்கு. 1942-இல் அமெரிக்கச் சூழலியலாளர் லிண்டமன் ஓர் ஏரியை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையிலிருந்து வளர்ந்த கருத்து இது. எல்லா இடத்திலும் சரியாகப் பத்தாக இருக்காது. உங்கள் படத்தில் நாலு படிக்கு மேல் சங்கிலி நீண்டால் அந்தச் சங்கிலியை இன்னொரு முறை சரிபாருங்கள் என்ற அளவுக்கு இதைப் பயன்படுத்துங்கள்.

## 12. ஒன்றை எடுத்துப் பார்ப்பது

படம் முடிந்ததும் ஒரு கட்டத்தின் மேல் நாணயத்தை வையுங்கள். அது இல்லாமல் போனால் என்ன ஆகும்? அம்புகளைப் பிடித்து இரண்டு படி மட்டும் போங்கள். மூன்றாம் படியில் ஊகம் பெருகிவிடும்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு கேள்வி கேளுங்கள். இதற்கு வேறு அம்பு வருகிறதா? இதனால் வேறு இடம் போக முடியுமா? நத்தை ஒழிந்தால் நத்தைகுத்தி நாரை பறந்து அடுத்த குளத்துக்குப் போய்விடும். மீன் ஒழிந்தால் சிப்பி எங்கும் போக முடியாது. பெரியவை கிடக்கும், புதுக்குஞ்சு வராது. பார்த்தவுடன் சிப்பி இருக்கிறது என்று தோன்றும், ஆனால் எல்லாம் கிழடாக இருக்கும். அதனால் சேறு அலசும்போதே சிப்பியின் நீளத்தையும் அளந்து எழுதுங்கள்.

நம் குளங்களுக்கு மூன்று சோதனைகள் அவசியம்.

ஆகாயத்தாமரை மூடிய குளம்: அடியில் வெளிச்சம் இல்லாமல் போகிறது, பாசியும் வேலம்பாசியும் குறைகின்றன, ஆக்சிஜன் விழுகிறது. ஆனால் அதன் வேரில் தும்பிக்குஞ்சும் கூனியும் அடைக்கலமாக இருக்கும். ஒரே நாளில் முழுவதையும் வாரினால் அவையும் போகும். பட்டை பட்டையாக, வாரம் ஒரு பகுதி என்று எடுப்பது நல்லது. வாரியதைக் கரையிலேயே குவித்தால் அழுகி, சத்தெல்லாம் முதல் மழையில் குளத்துக்கே திரும்பும்.

சிலேபி பெருகிய குளம்: 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இந்த மீன் முட்டையையும் குஞ்சையும் வாயில் வைத்துக் காப்பதால் இழப்பு குறைவு. பாசி, மட்கு, மற்ற மீனின் முட்டை என எதையும் தின்னும். படத்தில் இதற்கு உள்ளே வரும் அம்புகளை எண்ணுங்கள், கெண்டைக்கு வருவதையும் எண்ணுங்கள்.

கல்கட்டு எழுப்பிய கரை: இதில் எந்த உயிரையும் எடுக்கவில்லை, சாய்வான விளிம்பை மட்டும் எடுக்கிறோம். பச்சைக் கோடுகளை அழித்துப் பாருங்கள். மடையான் நிற்கும் இடம், தவளை ஏறும் இடம், கோரை வேரூன்றும் இடம் மூன்றும் ஒன்றாகப் போகின்றன. தூர்வாரும் மனு எழுதுகிறவர்கள் வரத்து வாய்க்கால் பக்கமுள்ள விளிம்பையாவது தொடாமல் விடச் சொல்லிக் கேட்பதற்குக் கையில் இருக்கும் சான்று இந்தப் படம்தான்.

## 13. மறுபடி எப்போது

ஒரு படம் ஒரு நாளின் படம். குறைந்தது நாலு முறை பாருங்கள்: பிப்ரவரி (சானல் அடைபடும் முன்), மே (தண்ணீர் வற்றி மீன் நெருங்கும்போது), ஜூலை (புதுத்தண்ணீர் வந்தபின்), டிசம்பர் (வடகிழக்கு மழை ஓய்ந்து வலசைப் பறவை வந்தபின்). அதே ஐந்து இடம், அதே பத்து இழுப்பு, அதே நேரம். ஆள் மாறினாலும் முறை மாறக் கூடாது.

பழைய படத்தின் மேல் திருத்தாதீர்கள். ஒவ்வொரு முறையும் புதுத்தாள் எடுத்து, மூலையில் தேதி, மழை பெய்து எத்தனை நாள், மடை திறந்திருந்ததா மூடியிருந்ததா என்று எழுதுங்கள். நாலு தாளையும் அடுக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால், எந்தக் கோடு நாலிலும் இருக்கிறது, எது ஒன்றில் மட்டும் வந்துபோகிறது என்பது தெரியும். நோட்டை மழைக்காலத்தில் பீரோவுக்கு அடியில் வைக்க வேண்டாம், கரையான் தின்றுவிடும்.